முக்கால் வட்டம்

குவோப்பியோ மருத்துவமனை, ஆறாம் மாடி.
சன்னலுக்குக் கீழே கல்லவெசி ஏரி
ஏப்ரலிலும் உறைந்துதான் கிடக்கிறது.

முப்பத்தோரு வருடம் தராசுகளைச் சோதித்தவள் நான்.
மீன் சந்தையில், நகைக்கடையில், தபால் நிலையத்தில்.
முள் மயிரிழை சாய்ந்தாலும்
முத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் நடந்தவள்.
இப்போது திங்கள்தோறும்
என்னையே ஒரு நாற்காலித் தராசில் உட்காரவைக்கிறார்கள்.
நாற்பத்தாறு புள்ளி இரண்டு.
நான் அதன் முத்திரைத் தேதியைப் பார்க்கிறேன்:
காலாவதியாகி நான்கு மாதம்.
சொன்னேன்.
"தராசு கிடக்கட்டும், நீங்கள் சாப்பிடுங்கள்" என்றாள் மர்யுத்.

எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.
மருத்துவர் கதவுப்பிடியை விடாமலே சொல்கிறார்.
ஓலுவிலிருந்து மகன் போனில் சொல்கிறான்.
பயிற்சிக்கு வந்த பெண்ணோ
"இன்னும் ஒரு வாய், எனக்காக" என்கிறாள்.
உனக்காக எதற்கு, உன் பெயர்கூடத் தெரியாதே எனக்கு.

மருந்துக்குப் பிறகு
வாயில் எது விழுந்தாலும் சாவியைச் சப்புவது போல இருக்கிறது.
இதை யாரும் கேட்கவில்லை.
தயிர் டப்பாவின் மூடியை என் விரல்கள் கிழிக்காது.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
இரவுச் சாப்பாடு நாலரைக்கே வந்துவிடும்,
ஐந்துக்குத் தட்டு போய்விடும்,
கட்டிலின் காலடியில் ஒரு தாள் மட்டும் தங்கும்.
அதில் வேளைக்கொரு வட்டம்.
கால், அரை, முக்கால் என்று
தின்ற அளவுக்குப் பேனாவால் நிழலடிப்பார்கள்.
இரண்டு இறைச்சி உருண்டைகளைக் காகிதத்தில் சுருட்டி
அலமாரிக்குள் தள்ளி
அரை வட்டம் வாங்கினேன் ஒருநாள்.
என் வேலையில் இதற்குப் பெயர் கள்ள எடை.
அபராதம் போட்டிருக்கிறேன், இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம்.

பக்கத்துக் கட்டிலில் இர்யா.
பனி வாரும் லாரி ஓட்டியவள்.
தொண்டையில் அறுவை, மூக்கில் குழாய்,
தலைக்கு மேலே பழுப்புப் பால் தொங்கும் பை.
பேச்சு இல்லை. ஒரு சிலேட்டு உண்டு.

வியாழக்கிழமை. நாடு முழுக்கப் பட்டாணி சூப்.
மூடியைத் திறந்து, பார்த்து, மூடினேன்.
சிலேட்டு நீண்டது:
சூப் எப்படி?
"நன்றாக இருக்கிறது" என்றேன்.
அழித்து எழுதினாள்:
பொய். உப்பு?

சோதிக்காமல் சான்று தந்ததில்லை என் வாழ்நாளில்.
ஒரு கரண்டி. "குறைவு."
பட்டாணி?
இன்னொரு கரண்டி.
"கரைந்துவிட்டது, தோல் மட்டும் நாக்கில் நிற்கிறது."
கடுகு வைத்தார்களா?
ஓரத்தில் ஒரு பொட்டு இருந்தது. கலந்து விழுங்கினேன்.
மூக்கில் ஏறியது,
கண்ணில் நீர் முட்டியது,
சாவியை எங்கோ தொலைத்துவிட்டது.
"ஏறுது" என்றேன்.
இர்யா கண்ணை மூடிக்கொண்டாள்.
கட்டுப் போட்ட தொண்டை ஒருமுறை அசைந்தது.

பான்கேக் ஓரம் மொறுமொறுப்பா?
"ஈரத் துணி."
சத்தமில்லாமல் தோள்கள் குலுங்கச் சிரித்தாள்.
பை ஆடியது.

முக்கால் வட்டம் நிழலடித்தாள் மர்யுத்.
"பார்த்தீர்களா, மனசு வைத்தால் முடிகிறது."
யார் மனசு என்று எழுத
அந்தத் தாளில் இடமில்லை.

வெள்ளியன்று அவளுக்குக் காய்ச்சல், சிலேட்டு எழவில்லை.
எனக்கும் கால் வட்டம்தான்.
சனி, ஞாயிறு எப்படியோ போயின.

திங்கள் காலை நாற்காலித் தராசு.
நாற்பத்தாறு புள்ளி ஒன்று.
பயிற்சிப் பெண் முகம் வாடிப்போனாள். பெயர் கேட்டேன். வில்யா.
தயிர் மூடியை நீட்டினேன், திறந்து தந்தாள்.

நூறு கிராம் போச்சு என்று இர்யாவிடம் சொன்னேன்.
வெகுநேரம் எழுதினாள்:
முத்திரை காலாவதி. செல்லாது.
அதன் கீழே, சின்னதாக:
இன்றைக்கு என்ன?

மூடியைத் தூக்கினேன்.
ஆவி கண்ணாடியில் படிந்து ஒன்றும் தெரியவில்லை.
"பொறு" என்றேன்,
கரண்டியைத் தேடிக்கொண்டே.